கார்டும் கழுத்து திரும்பிய மயிலும்

“இன்னா சார் இது? மயிலு தலைய கால்ல வெச்சிக்கினு நிக்குது.”

தறியை விட்டு எழுந்து வந்து, டிசைன் அறை வாசலில் நின்றபடி முனுசாமி இதைச் சொன்னார். நான் அட்டைக் கட்டுகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் குரலில் அப்போது கேலிதான் இருந்தது. கோபம் கொஞ்ச நேரம் கழித்து வந்தது.

எங்கள் பட்டு நெசவாளர் சங்கத்தின் பின்கட்டில் அந்நாளில் நான்கு தறிகள் இருந்தன. முனுசாமி ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து அதில் ஒன்றில் நெய்வார். நானும், அட்டை குத்தும் எஸ்தரும், குத்திய அட்டைகளை நூலால் கோக்கும் வெங்கடேசலுவும் அவர் பின்னால் போனோம்.

தறியில் அரக்குச் சிவப்பில் ஒரு புடவை பாதி வளர்ந்திருந்தது. கரையில் சரிகை மயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துபோயின. பழைய மயில்கள் தலை நிமிர்ந்து ஒழுங்காக இருந்தன. அன்று காலை நெய்த கடைசி இரண்டுக்கும் தோகை சரியாக இருந்தது, உடம்பு சரியாக இருந்தது. கழுத்தையும் தலையையும் மட்டும் யாரோ வெட்டித் தலைகீழாக ஒட்டியதுபோல் இருந்தது. கொண்டை பாதத்தில் முட்டியது.

“தண்ணி குடிக்குதோ என்னமோ,” என்றார் வெங்கடேசலு.

“குடிக்கிறதுக்குக் கழுத்து ஒடம்போட ஒட்டிக்கினு இருக்கணும்ல? இது தனியா கீழ கெடக்குது பாரு,” என்றார் முனுசாமி. “ரெண்டு மயிலு ஆனப்புறம்தான் பாத்தேன். இப்ப தறி நிக்குது. யார் பதில் சொல்றது?”

யாரும் எஸ்தரைப் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் எஸ்தரைத்தான் நினைத்தார்கள் என்பது அந்த அறையில் நின்ற எவருக்கும் தெரிந்திருக்கும்.

இது நடந்தது அறுபதுகளின் பின்பாதியில் ஒரு மழைக்காலத்தில். தேதியும் கிழமையும் என் டைரியில் இருக்கின்றன. வருஷத்தைச் சொன்னால் எங்கள் ஊரில் ஆட்களை உடனே அடையாளம் கண்டுவிடுவார்கள். அதனால் கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன். அன்று திங்கட்கிழமை.

இடது எது, வலது எது

தறி தெரியாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். தறிக்கு மேலே ஒரு ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதன்மேல் ஓட்டை போட்ட அட்டைகள் சங்கிலியாகச் சுற்றி வரும். ஊடை நூல் ஒருமுறை குறுக்கே ஓடுவதற்கு ஓர் அட்டை. அட்டையில் எங்கே ஓட்டையோ அந்த இடத்து நெடுக்கு இழைகள் மேலே எழும்பும், மற்றவை கிடக்கும். இப்படி நூற்றைம்பது அட்டைகள் வரிசையாக வந்து போனால் கரையில் ஒரு மயில் முழுசாகிவிடும்.

ஓட்டை போடாத வெற்று அட்டைக்கு இடது, வலது கிடையாது. எப்படிப் பிடித்தாலும் ஒன்றுதான். அதனால் இடது ஓரத்தில் ஓர் எண் எழுதுவோம். எண் விழுந்த பிறகுதான் அட்டைக்குத் திசை பிறக்கிறது. கோப்பவர் எல்லா எண்களும் ஒரே பக்கம் வரும்படி வைத்துக் கோத்துக்கொண்டே போவார். ஓட்டைகளைப் பார்க்கமாட்டார், பார்க்கவும் தேவையில்லை. அட்டையின் நீளம்தான் கரையின் அகலம்; ஓர் அட்டை முனை மாறிப்போனால், கரையின் மேல் ஓரத்தில் எழும்பவேண்டியது கீழ் ஓரத்திலும் கீழ் ஓரத்தில் எழும்பவேண்டியது மேல் ஓரத்திலும் எழும்பிவிடும்.

எண் எழுதுவது என் வேலை. கறுப்பு மையில், பட்டை நிப்பில், ஒரே உயரத்தில் எழுதுவேன். பதினோரு வருஷங்களில் ஒரு தவறு கிடையாது. சங்கத்தில் எனக்குப் பெயரே ‘நம்பர் சார்’ என்று ஆகியிருந்தது.

அந்த மயிலுக்கான அட்டைக் கட்டில் நூற்றொன்று முதல் நூற்றிருபத்துநான்கு வரையுள்ள அட்டைகள் ஓட்டை தேய்ந்து போயிருந்தன. அந்த இருபத்துநான்கும் மயிலின் கழுத்தும் தலையும். அவற்றை மட்டும் எஸ்தர் புதிதாகக் குத்தினார். பழசை எடுத்துவிட்டுப் புதியதைக் கோத்து, அன்று காலைதான் தறியில் ஏற்றியிருந்தோம்.

செகரெட்டரி வந்தார். அவர் நேர்மையானவர், அவசரக்காரர். அட்டைச் சங்கிலியைத் தரையில் நீட்டிப் போடச் சொல்லி, குனிந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார்.

“நம்பர் எல்லாம் நூல் புடிச்ச மாதிரி ஒரே பக்கம் இருக்குது. கோத்தது சரி. அப்ப குத்துனதுதான் தப்பு. அட்டையத் தலைகீழா வெச்சிக் குத்தியிருக்குது.”

எஸ்தர் உட்கார்ந்து, நூற்றொன்றாம் அட்டையின்மேல் கண்ணை வைக்காமல் விரலை வைத்தார். ஓட்டைகளை ஒருமுறை தடவினார். அட்டையின் மறுமுனையிலிருந்து இன்னொரு முறை தடவினார்.

“நான் சரியாத்தான் குத்தியிருக்கிறேன் சார். நம்பர்தான் அந்தப் பக்கம் விழுந்துருக்குது.”

முனுசாமிக்குக் கோபம் வந்தது இப்போதுதான். “நம்பர் சாரு நம்பரா? நல்லா இருக்குதும்மா. சூரியன்தான் தெற்கால மொளச்சிதுன்னு சொல்லேன்.”

செகரெட்டரி என்னைப் பார்த்தார். “நீங்க நம்பர் போட்டுக் குடுத்த அட்டையிலதானே குத்துறாங்க?”

“வழக்கமாக அப்படித்தான்,” என்றேன்.

அது பொய் அல்ல. வழக்கம் அதுதான். முதலில் நான் வெற்று அட்டையில் எண் போடுவேன். பிறகு எண்ணை இடது பக்கம் வைத்து எஸ்தர் குத்துவார்.

“அன்னிக்கி குத்துனப்புறம் போட்டீங்க சார்,” என்றார் எஸ்தர். மெதுவாகத்தான் சொன்னார்.

“எனக்கு நினைவில்லை.”

இதுவும் பொய் அல்ல. ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களும் சேர்ந்து என்ன செய்தன என்பது எனக்கு உடனே தெரிந்தது. செகரெட்டரி நிமிர்ந்து, “புதன்கிழமை கமிட்டி கூடுது. அங்க பேசிக்கலாம்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் புதன்கிழமைதான் எஸ்தரை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவெடுக்க இருந்தார்கள்.

வாலாஜாபாத் பஸ்ஸில் வந்தவர்

எஸ்தருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். வாலாஜாபாத்தில் வீடு. கணவர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். எஸ்தரும் சில வருஷங்கள் அதே ஆலையில் நெல் புழுக்கும் களத்தில் இருந்தவர். அவர்கள் வீட்டில் அதற்கு முந்தைய தலைமுறை முழுக்க அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றது. அரசாங்கம் நடத்திய ஒரு பயிற்சி வகுப்பில் அட்டை குத்தப் படித்து, முதல் மூன்று பேரில் ஒருவராக வந்து, எங்களிடம் ஆறு மாதத் தற்காலிக வேலையில் சேர்ந்திருந்தார்.

அவர் சேர்ந்தபோது நெசவாளர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். தறி வாசனை அறியாத வீட்டுப் பெண்ணுக்கு மயிலைப் பற்றி என்ன தெரியும் என்றார் ஒருவர். மயிலைத் தாங்கள்தான் வளர்ப்பதுபோல் பேசினார்.

அவர் வேலை செய்வதைப் பார்க்கவேண்டும். இரும்புத் தட்டில் அட்டையை வைத்து, எதிரே கட்டம்போட்ட தாளை மாட்டி, வலது கையில் மரச்சுத்தியும் இடது கையில் குத்தூசியுமாக உட்காருவார். “மூணு வுடு, ரெண்டு குத்து, ஒண்ணு வுடு, அஞ்சி குத்து” என்று வாய்க்குள் ஓடும். அது பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. வரிசை முடியும்போது மூச்சை விடுவார். ஊசி கட்டத்தின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். நான் எத்தனையோ நாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன். எனக்கு எல்லாம் ஒரே ‘டொக்’.

அட்டையிலிருந்து விழும் சின்னச் சின்ன வட்டத் துண்டுகளை அவர் குப்பையில் போடமாட்டார். ஒரு துணிப்பையில் சேர்த்து வாலாஜாபாத்துக்கு எடுத்துப்போவார். அவர்கள் சபையில் கல்யாணம் நடந்தால் மாப்பிள்ளை பெண் தலையில் தூவுவார்களாம். “உங்க மயிலு ஓட்டையில எங்க ஊருல நாலு கல்யாணம் ஆயிருக்குது சார்,” என்று ஒருமுறை சொன்னார்.

சேர்ந்த முதல் மாதமே என்னிடம் ஒன்று கேட்டார். “வெத்து அட்டையில எடது பக்கம் மேல் மூலைய ஒரு துளி வெட்டிட்டா என்ன சார்? நம்பரு இல்லாமயே எந்தப் பக்கம் எடதுன்னு கைக்கே தெரியும்ல?”

நான் அட்டை பலவீனமாகிவிடும் என்றேன். எண் போதும் என்றேன். உண்மையில் அட்டை பலவீனமாகாது. அது எனக்கு அப்போதே தெரியும். என் எண்கள் இருக்கும்போது மூலையை எதற்கு வெட்டவேண்டும் என்று எனக்குச் சுருக்கென்று இருந்தது, அவ்வளவுதான்.

என் அகராதி வியாதி

திங்கட்கிழமைக் கதை கொஞ்சம் நிற்கட்டும். என் வியாதியைச் சொல்லாமல் அது முடியாது.

சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையில் முதுகு கிழிந்த தடித்த ஆங்கில அகராதி ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு சொல்லும் எந்த மொழியிலிருந்து எந்த வழியாக வந்தது என்று சொல்லும் வகை அகராதி. அதை வாங்கிய நாளிலிருந்து டைரியில் தினம் ஒரு சொல் எழுதுவது வழக்கமாயிற்று. பெரிய பெரிய சொற்கள் வேண்டாம். நம் ஊரில் ஆங்கிலம் தெரியாதவரும் சொல்லும் சொல்லாக இருக்கவேண்டும் என்பது நானே வைத்துக்கொண்ட விதி. அகராதியில் பார்ப்பதற்கு முன், அன்று காலையில் அந்தச் சொல்லை யார் யார் வாயில் கேட்டேன் என்று குறித்துக்கொள்வேன்.

‘கார்டு’ என்ற சொல்லின் முறை வந்தது, அந்தத் திங்கட்கிழமைக்கு நான்கு நாள் முன்னால், ஒரு வியாழக்கிழமை.

காலையில் எதிர்வீட்டு அம்மாள் அரிசி கார்டைத் தேடிக்கொண்டிருந்தார். மழையில் நனைந்த கார்டை ரேஷன் கடைக்காரன் வாங்கமாட்டான் என்பது அவர் கவலை. மூலைக் கடையில் ஒருவர் தபால் கார்டு ஒன்று வாங்கி அங்கேயே நின்று எழுதினார். என் மகள் பள்ளிக்கூடக் கார்டில் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, கணக்கு மார்க்கை விரலால் மறைத்துக்கொண்டாள். ராஜ வீதியில் மஞ்சள் தடவிய கல்யாண கார்டு ஒன்று கைக்கு வந்தது. சங்கத்துக்குள் நுழைந்தால் எஸ்தர் “கார்டு தீந்துபோச்சி சார்” என்கிறார். அவருக்குக் கார்டு என்றால் தறி அட்டை. அடுத்த கட்டிடத்து வாட்ச்மேன் ஞாயிற்றுக்கிழமைகளில் ‘கார்டு போட’ போவார், அது சீட்டாட்டம். ஒரு காலை நடையில் ஒரு சொல் இத்தனை வேஷம் கட்டிக்கொண்டு எதிரே வந்தது.

எகிப்திலிருந்து என் மேசைக்கு

சங்கத்தில் என் மேசையில் வைத்திருந்த அகராதி சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஆங்கிலேயருக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுக்கு லத்தீன் கொடுத்தது. லத்தீனுக்குக் கிரேக்கம் கொடுத்தது. கிரேக்கர்கள் அதை எகிப்திலிருந்து எடுத்திருக்கலாம் என்று அகராதி தயங்கித் தயங்கிச் சொல்கிறது. ஆரம்பத்தில் அதற்குப் பொருள், எழுதுவதற்காகப் பக்குவம் செய்த பாப்பிரஸ் தாள். பாப்பிரஸ் என்பது நீரோரத்தில் வளரும் ஒரு கோரை. நம் ஏரிக்கரைக் கோரைக்கு அண்ணன் முறை. நாம் கோரையில் பாய் பின்னிப் படுத்தோம். அவர்கள் அதைப் பிளந்து, அடுக்கி, அழுத்தி அதில் எழுதினார்கள்.

அந்தக் கோரையின் வாரிசுகள் எத்தனை. சுவரில் மாட்டும் சார்ட், துப்பாக்கியின் காட்ரிட்ஜ், சாமான் வரும் அட்டைப் பெட்டியான கார்ட்டன், எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். சார்ட்டர் என்றால் சாசனம்; மூலத்தில் அதற்குச் ‘சின்னத் தாள்’ என்று பொருளாம். நம் ஊரில் சாசனம் என்றால் கோயில் சுவரைப் பார்க்கவேண்டும். பத்திரிகையில் பார்த்துச் சிரிக்கிறோமே, கார்ட்டூன். அது முதலில் சிரிப்பதற்கு இல்லை. திரைச்சீலை நெய்கிறவர்களுக்காகத் தடித்த தாளில் முழு அளவில் வரைந்து கொடுத்த மாதிரிப் படம்தான் கார்ட்டூன். அதாவது, எங்கள் டிசைன் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் தாள். இதைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு சுற்று நடந்தேன்.

கம்பளி மயிரைச் சிக்கெடுக்கும் சீப்புக்கும் ஆங்கிலத்தில் கார்டு என்றுதான் பெயர். ஆனால் அது வேறு குடும்பம். லத்தீனில் ஒரு முள்செடியின் பெயரிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் முள் பூவை வைத்தே சிக்கெடுத்தார்களாம். ஒரே தெருவில் ஒரே பெயரில் உறவில்லாத இரண்டு பேர் இருப்பதில்லையா, அதுபோல.

கடைசியில் ஒரு பொருள்: வேடிக்கையான ஆள். இதை வெங்கடேசலுவிடம் சொன்னபோது, அவர் கோப்பதை நிறுத்தாமலே, “அப்ப நீங்கதான் சார் அந்தக் கார்டு,” என்றார்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நூலகத்துக்குப் போய், தமிழ் அகராதித் தொகுதிகளில் ‘கடுதாசி’யைத் தேடினேன். ஏதோ ஒரு சந்தேகம். கண்டேன். போர்ச்சுகீசியச் சொல் என்று போட்டிருந்தது. அவர்களுடைய சொல்லும் அதே லத்தீன், அதே கிரேக்கம், அதே கோரை.

யோசித்துப் பாருங்கள். தபால்காரர் வாசலில் நின்று “கடுதாசி” என்று கூப்பிட்டுத் தபால் கார்டை நீட்டுகிறார். இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒன்று போர்ச்சுகீசியக் கப்பலில் முன்னாலேயே வந்து, நம்மோடு பழகித் தமிழாகவே ஆகிவிட்டது. மற்றது வெள்ளைக்காரனோடு பின்னால் வந்து இன்னும் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. எங்கேயோ பிரிந்த இரண்டு பேர் காஞ்சிபுரத்தில் ஒரு வாசற்படியில் சந்திக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியவில்லை. ‘காகிதம்’ வேறு வீடு. அது பாரசீகத்திலிருந்து உருது பேசுகிறவர்கள் வழியாக வந்தது.

நூலகத்திலிருந்து மழையில் ஓட்டமும் நடையுமாகச் சங்கத்துக்குத் திரும்பினேன். யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்.

அந்த வியாழக்கிழமை

மறுபடி திங்கட்கிழமைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் டைரியை எடுத்தேன். என் மனதில் இருந்தது, எஸ்தர் சொன்னது தவறு என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஆசைதான். இதை மறைக்க விரும்பவில்லை.

வியாழக்கிழமைப் பக்கத்தில் கார்டைப் பற்றி முக்கால் பக்கம். அதற்கு அடியில், வழக்கம்போல் அன்றைய வேலை:

“பிற்பகல் மழை. ஜன்னலோரம் ஒழுகியதால் என் நாற்காலியை மேசையின் எதிர்ப்பக்கம் போட்டுக்கொண்டேன். எஸ்தர் அவசரமாகக் குத்தி அடுக்கி வைத்திருந்த 24 அட்டைகளுக்கு (101–124) எண் இட்டேன். இட்டபடியே வெங்கடேசலுவிடம் கடுதாசியின் பூர்வீகத்தைச் சொன்னேன். அவர் தெலுங்கு பேசும் தங்கள் வீட்டில் கடிதத்தை உத்தரம் என்பார்கள் என்றார். நல்ல பொழுது.”

நான்கைந்து முறை படித்தேன். எழுத்து என்னுடையது, ஒரே உயரம், கறுப்பு மை.

எஸ்தர் அடுக்கி வைத்தது அவர் உட்காரும் பக்கத்திலிருந்து. நான் உட்கார்ந்தது அதற்கு எதிரே. என் இடது அவருக்கு வலது. அட்டையின் ஓட்டைகளை நான் பார்க்கவில்லை. என் கண் எகிப்தில் இருந்தது. வரிசையாக, அழகாக, இருபத்துநான்கையும் தவறான முனையில் எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு எண் கோணலாக இருந்திருந்தால்கூடச் செகரெட்டரி சந்தேகப்பட்டிருப்பார். என் ஒழுங்குதான் எஸ்தருக்கு எதிரான சாட்சி.

செவ்வாய்க்கிழமை நான் சொல்லவில்லை. காலையில் சொல்லலாம் என்றிருந்தேன். செகரெட்டரியைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள். மத்தியானம் அவர் தனியாக இருந்தார். எனக்கு அலமாரியில் வேலை இருந்தது. எஸ்தர் வேறொரு கட்டுக்கு அட்டை குத்திக்கொண்டிருந்தார். முனகல் மட்டும் இல்லை. வாய்க்குள் எண்ணாமல் குத்தினார். இடையில் ஒருமுறை பேசினார்.

“போகச் சொன்னா போயிடுறேன் சார். மில்லுல திரும்பச் சேத்துக்குவாங்க. சாப்பாட்டுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எனக்கு இந்த வேல வருதுன்னு நானே இப்பத்தான் கண்டுபுடிச்சேன். அதுக்குள்ள வராதுன்னு எழுதிட்டாங்கன்னா, அப்புறம் எங்க போயி குத்துறது?”

நான் “பார்க்கலாம்” என்றேன். அந்தச் சொல்லுக்கு எந்த அகராதியிலும் பொருள் கிடையாது.

மாலையில் திருப்பருத்திக்குன்றம்வரை நடந்து போய், சமணர் கோயில் வாசலைத் தொட்டுத் திரும்பி வந்தேன். அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. என் டைரியை என் வீட்டாரே தொடமாட்டார்கள். நினைவில்லை என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. பதினோரு வருஷங்கள் அப்படியே நிற்கும். போகும்போது இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

திரும்பி வந்து, விளக்கேற்றும் நேரத்தில் அன்றைய குறிப்பை எழுத உட்கார்ந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுவது கைக்குப் பழகிய காரியம். கை தானாக எழுதியது: “உண்மை தெரிந்தும் இன்று முழுதும் சொல்லவில்லை.”

மை காயும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் பக்கத்திலும் இதே வாக்கியத்தை எழுத எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் நான் செய்ததற்கு நல்லவன் என்ற பெயரெல்லாம் பெரிது, காரணம் இவ்வளவுதான்.

புதன்கிழமை

கமிட்டியில் ஐந்து பேர். முனுசாமியையும் வெங்கடேசலுவையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எஸ்தர் கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

செகரெட்டரி பேச ஆரம்பிப்பதற்குள் நான் டைரியைத் திறந்து, “ஒரு பக்கம் படிக்க அனுமதி வேண்டும்,” என்றேன்.

மழை, நாற்காலி, இருபத்துநான்கு அட்டைகள், கடுதாசி, உத்தரம், நல்ல பொழுது எல்லாவற்றையும் படித்தேன். செவ்வாய்க்கிழமை வாக்கியத்தையும் படித்தேன். பிறகு, எஸ்தர் மூலையை வெட்டலாம் என்று சொன்னதையும், அட்டை பலவீனமாகும் என்று நான் சொன்ன காரணம் உண்மை அல்ல என்பதையும் சொன்னேன்.

வெங்கடேசலுதான் முதலில் வாயைத் திறந்தார்.

“அவரு சொல்றது நெசம். நாற்காலிய நான்தான் தூக்கிப் போட்டேன். கத கேக்கச் சொகமா இருந்துது. நானும் மறந்துட்டேன்.”

செகரெட்டரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆக, நம்ம மயிலு கழுத்த திருப்புனவன் போர்ச்சுகீசியன்.”

எல்லோரும் சிரித்தார்கள், முனுசாமி மட்டும் சிரிக்கவில்லை. அவர் எழுந்து எஸ்தர் பக்கம் திரும்பினார். “நான் பேசுனது தப்பும்மா. சூரியன் தெற்காலதான் மொளச்சிருக்குது.”

“இருக்கட்டுங்கண்ணா,” என்றார் எஸ்தர். “மொதல்ல மயிலுக்குக் கழுத்தத் திருப்புவோம். பாவம், மூணு நாளா கால மோந்துக்கினு நிக்குது.”

கமிட்டி முடிவு இரண்டு வரி. எஸ்தர் நிரந்தரம். இனி எல்லா வெற்று அட்டைகளுக்கும் இடது மேல் மூலை வெட்டப்படவேண்டும். இரண்டையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதியது நான்தான். என்னை என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. அது எனக்கு உறுத்தலாக இருந்ததால் நானே கேட்டேன். “நீங்கதான் உங்கள தெனமும் எழுதிக்கினு இருக்கிறீங்களே, நாங்க வேற எழுதணுமா?” என்றார் செகரெட்டரி.

மூலை

வெங்கடேசலு இருபத்துநான்கு அட்டைகளையும் நூல் அறுத்துப் பிரித்தார். எஸ்தர் ஒவ்வொன்றையும் முனை மாற்றி வைத்து, இடது மூலையை ஒரு துளி வெட்டி, பக்கத்தில் தன் கையால் எண் எழுதினார். அவர் எழுத்து என்னுடையதுபோல் இருக்காது. ஏழு மட்டும் கொஞ்சம் துள்ளும்.

“என் எண்ணை அடித்துவிடுங்கள். குழப்பம் வரும்,” என்றேன்.

“இவ்ளோ அழகா எழுதியிருக்கிறீங்க. அடிக்க மனசு வரல சார். மூல இருக்குதுல்ல, அது போதும்.”

அந்த இருபத்துநான்கு அட்டைகள் இன்றும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. ஒரு முனையில் என் எண். மறுமுனையில் அவர் எண்ணும் வெட்டிய மூலையும். எனக்குத் தெரிந்து எங்கள் சங்கத்தில் அதற்குப் பிறகு ஓர் அட்டைகூட முனை மாறியது இல்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அடுக்குகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம், அவர் எவ்வளவு எளிதாக அதைக் கேட்டார், நான் எவ்வளவு பெரிய காரணம் சொல்லி மறுத்தேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று மாலை முனுசாமி பழுதான இரண்டு மயில்களின் ஊடையை இழை இழையாக உருவி எடுத்துவிட்டு, மறுபடி நெய்தார். நாங்கள் மூன்று பேரும் தறியருகில் நின்றோம். நூற்றொன்றாம் அட்டை பெட்டியில் விழுந்தது, இழைகள் எழும்பின, ஊடை நூலோடு நாடா குறுக்கே ஓடியது. நூற்றிருபத்துநான்கு முடிந்தபோது மயில் தலை நிமிர்ந்து நின்றது. முனுசாமி அடுத்த மயிலுக்குப் போய்விட்டார்.

டிசைன் அறைக்குத் திரும்பினோம். எஸ்தர் புது அட்டை ஒன்றை எடுத்து மூலையை வெட்டி, இரும்புத் தட்டில் வைத்தார். வாய்க்குள் எண்ணிக்கை மறுபடி கேட்டது. ஒரு வரிசை முடிந்து மூச்சு விட்டதும் என் பக்கம் திரும்பினார்.

“அந்தக் கடுதாசி கத என்னா சார்? அவருக்கு மட்டும் சொல்லியிருக்கிறீங்க. அதுக்குப் பதில் சொல்லிக்கினு நின்னது நான்.”

“இப்போதே சொல்லட்டுமா?”

“சொல்லுங்க,” என்றார் எஸ்தர். “பேனாவ மட்டும் மூடி வெச்சிட்டுச் சொல்லுங்க.”

மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, எகிப்தின் கோரையிலிருந்து ஆரம்பித்தேன்.